வீட்டில் செய்யும் மெட்டல் டிடெக்டர்: டிரான்சிஸ்டர் சுவிட்ச் பகுதிப் பழுதுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெட்டல் டிடெக்டரின் வேலை எளிது. காயிலில் கொஞ்ச நேரம் மின்னோட்டத்தை ஏற்றுகிறோம், சட்டென்று வெட்டுகிறோம். வெட்டிய பின் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழலும் மின்னோட்டம் உடனே சாகாமல் சில மைக்ரோ விநாடி தாமதித்து அடங்குகிறது. அந்தத் தாமதத்தைத்தான் கருவி கேட்கிறது. ஆகவே இந்தக் கருவியின் உயிர் சுவிட்ச் அணையும் விதத்தில் இருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் "ஆன் ஆகிறதா" என்று மட்டும் பார்த்துவிட்டு ரிசீவர் (அந்த எதிரொலியைக் கேட்கும் பகுதி) பக்கம் போய் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அணைவதைப் பற்றியவை.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்வழங்கல் 12 வோல்ட். பல்ஸை உருவாக்கும் என்இ555 டைமர் ஐசியில் 24 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட். இதன் 3ஆம் கால் சுமார் 150 மைக்ரோ விநாடி தாழ்ந்தும் மீதி நேரம் உயர்ந்தும் நிற்கும். விநாடிக்கு ஏறத்தாழ 500 முறை. அந்தக் காலிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக பிசி327 பிஎன்பி (பேஸ் தாழும்போது திறக்கும்) டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் 12 வோல்ட்டில். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 1 கிலோ ஓம். கலெக்டரிலிருந்து தரைக்கு 220 ஓம். அதே முனையிலிருந்து 47 ஓம் வழியாக ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட்டின் கேட். காயிலின் மின்னோட்டத்தை வெட்டும் சுவிட்ச் இந்த மாஸ்ஃபெட்தான். சோர்ஸ் தரையில். காயிலின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை டிரெய்னில். காயிலுக்கு இணையாக, அணைந்த பின் வரும் அதிர்வை அடக்க, 390 ஓம் டாம்பிங் ரெசிஸ்டர். காயில் 19 செ.மீ. விட்டத்தில் 25 சுற்று, 25 கேஜ் எனாமல் கம்பி: சுமார் 300 மைக்ரோ ஹென்றி, 1.3 ஓம். உங்கள் சுற்றில் மதிப்புகள் வேறாக இருந்தாலும் கணக்கு இதே வழிதான்.

பழுது சுவிட்ச் பகுதியிலா, ரிசீவர் பகுதியிலா? ஆஸிலோஸ்கோப் இல்லாமல் எப்படிப் பிரிப்பது?

காயிலைக் கழற்றி வையுங்கள். அதன் இடத்தில் 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் வயரில் தொடராக ஒரு 12 வோல்ட், 21 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென எரிந்து உங்கள் பாகங்களைக் காப்பாற்றும். எல்லாம் சரியாக இருந்தால் இழை சிவக்கக்கூட மாட்டாது.

இப்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைத் தரையில் பிடித்து, மூன்று இடங்களை அளவிடுங்கள். மீட்டர் பல்ஸைக் காட்டாது, சராசரியைக் காட்டும். அதுவே போதும். 2000 மைக்ரோ விநாடியில் 150 மட்டும் ஆன் என்றால் 7.5 சதவீதம். ஆகவே கேட்டில் 0.9 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். டிரெய்னில் 11 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 555இன் 3ஆம் காலில் பத்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

டிரெய்னில் சரியாக 12 நின்றால் மாஸ்ஃபெட் ஆன் ஆகவே இல்லை. 0 நின்றால் அணையவே இல்லை. 5, 6, 8 என்று நடுவில் எங்காவது நின்றால் பாதி திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது பல்ஸ் தேவைக்கு அதிகமாக நீள்கிறது. மூன்று அளவும் சரியாக வந்தால் சுவிட்ச் குறைந்தபட்சம் வேலை செய்கிறது. எவ்வளவு வேகமாக அணைகிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதைக் கீழே பார்ப்போம்.

கேட்டில் 0.9 வரவில்லை. அடுத்து எங்கே பார்ப்பது?

555ஐ சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சாக்கெட்டின் 3ஆம் துளையில் ஒரு சிறு வயர் செருகி அதை 12 வோல்ட்டில் தொடுங்கள்: பிசி327இன் கலெக்டர் 0 ஆக வேண்டும். தரையில் தொடுங்கள்: கலெக்டர் 11.7க்கு மேல் ஏற வேண்டும், டிரெய்ன் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். தொடுவதை ஓரிரு விநாடிக்குள் முடியுங்கள். இந்த நிலையில் 220 ஓம் ரெசிஸ்டர் 0.65 வாட் தின்னும்.

இந்த நிலையில் பேஸ்-எமிட்டர் இடைவெளியை அளந்தால் 0.7 முதல் 0.8 வரை வர வேண்டும். 1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் உள்ளே பேஸ் சந்தி அறுந்துவிட்டது. 0.7 சரியாக வந்தும் கலெக்டர் 4, 5 வோல்ட்டில் நின்றால், கால்கள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் முழுக்கச் செத்துப்போவதில்லை. மிகக் குறைந்த பெருக்கத்துடன் அரைகுறையாக வேலை செய்யும். அதனால்தான் இந்தத் தவறு பலரை நாள் கணக்கில் அலைக்கழிக்கிறது.

எந்த டிரான்சிஸ்டருக்குக் கால் வரிசை என்ன?

தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்க, இடமிருந்து வலமாக: பிசி547, பிசி557, பிசி327, பிசி337 ஆகியவை கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904, 2என்3906 எமிட்டர், பேஸ், கலெக்டர். சி1815, சி945 எமிட்டர், கலெக்டர், பேஸ். எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க பிடி139 எமிட்டர், கலெக்டர், பேஸ். ஐஆர்எஃப்740 கேட், டிரெய்ன், சோர்ஸ்.

2என்2222 வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. பிளாஸ்டிக் உடலில் வரும் பிஎன்2222ஏ ஒரு வரிசை, பி2என்2222ஏ அதற்கு நேர் எதிர் வரிசை. மீட்டரின் டையோடு நிலையில் அளந்து பாருங்கள்: பேஸிலிருந்து இரு கால்களுக்கும் 0.6 முதல் 0.7 காட்டும், இரண்டில் சில மில்லி வோல்ட் கூடுதலாகக் காட்டும் கால்தான் எமிட்டர்.

மின்சாரம் கொடுத்த சில விநாடிகளில் மாஸ்ஃபெட் எரிகிறது. காயிலிலிருந்து திரும்பும் உயர் வோல்ட்டேஜ்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். காயில் 1.3 ஓம், மாஸ்ஃபெட் 0.55 ஓம், வயர்கள் கொஞ்சம். மொத்தம் ஏறத்தாழ 2 ஓம். 150 மைக்ரோ விநாடியில் மின்னோட்டம் 3.8 ஆம்பியர் வரை ஏறும். அப்போது காயிலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 2.2 மில்லி ஜூல். ஐஆர்எஃப்740 ஒரே அடியில் 520 மில்லி ஜூல் வரை தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. வெட்டும்போது 400 வோல்ட்டில் அது தானே உடைந்து அந்த ஆற்றலை விழுங்கும். இந்தச் சுற்றே அதை நம்பித்தான் அமைந்திருக்கிறது.

கொல்வது வேறொன்று: சுவிட்ச் அணையாமல் நின்றுவிடுவது. நிரந்தரமாக ஆன் ஆனால் காயிலில் 6 ஆம்பியர் பாயும். மாஸ்ஃபெட்டில் மட்டும் 20 வாட். ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட் அதைச் சில விநாடிகளுக்கு மேல் தாங்காது. எரிந்ததை மாற்றிப் புதிதைப் போட்டால் அதுவும் எரியும். காரணம் டிரைவரில், அதாவது கேட்டை ஓட்டும் பிசி327 பகுதியில் இருக்கிறது.

டிரைவர் ஏன் அணைவதில்லை? இந்தச் சுற்றில் நாங்கள் முதலில் பார்ப்பது பிசி327இன் பேஸ்-எமிட்டர் நடுவே உள்ள 1 கிலோ ஓம். பழைய என்இ555இன் வெளியீடு உயர்நிலையில் முழு 12க்கு ஏறாது. ஒன்றரை வோல்ட் வரை குறைந்து 10.5இல் நிற்கும். அந்த 1.5 வோல்ட் வித்தியாசமே பிஎன்பியைத் திறக்கப் போதும். 2.2 கிலோவும் 1 கிலோவும் அதைப் பங்கிட்டால் பேஸுக்கு 0.47 மட்டும் கிடைக்கும், டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும். 1 கிலோவுக்குப் பதில் 10 கிலோ போட்டாலோ, அதை விட்டே விட்டாலோ, டிரான்சிஸ்டர் எப்போதும் திறந்திருக்கும். "புல்-அப் ரெசிஸ்டர்தானே, 10 கிலோ இருந்தால் போதும்" என்று பழக்கத்தில் போடுபவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாஸ்ஃபெட் வாங்கிக்கொண்டிருப்பார்கள். டிஎல்சி555, ஐசிஎம்7555 போன்ற சிமாஸ் வகைகளின் வெளியீடு ஏறத்தாழ முழு 12 வரை போவதால் அவற்றில் இந்தச் சிக்கல் வராது.

220 ஓம் ரெசிஸ்டரைக் கண்ணால் பாருங்கள். சரியான ஓட்டத்தில் அதில் 0.05 வாட்தான். கால் வாட் ரெசிஸ்டர் கறுத்திருந்தால் டிரைவர் நீண்ட நேரம் ஆன் நிலையில் நின்றிருக்கிறது என்று பொருள்.

மாஸ்ஃபெட் எரியவில்லை, ஆனால் கை வைக்க முடியாத சூடு. கருவியும் பெரிய இரும்பை மட்டும்தான் காட்டுகிறது.

இதுதான் மெதுவாக அணைவதன் அடையாளம். விளக்கமாகப் பார்ப்போம்.

மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு சிறு கெப்பாசிட்டர் போல. ஆன் ஆகும்போது பிசி327 அதை வேகமாக நிரப்பிவிடும். அணையும்போது பிசி327 ஒதுங்கிக்கொள்ளும். நிரம்பிய மின்னூட்டம் 47 ஓமும் 220 ஓமும் வழியாக மட்டுமே வடிய வேண்டும். வடியும்போது கேட் 5, 6 வோல்ட் அருகே சற்று நேரம் நகராமல் நிற்கும். அந்த இடைவெளியில்தான் டிரெய்ன் 0இலிருந்து 400க்கு ஏறுகிறது. கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையிலுள்ள மின்னூட்டம், ஐஆர்எஃப்740இல் 32 நானோ கூலோம் வரை, முழுதும் வெளியேறியாக வேண்டும். 267 ஓம் வழியாக 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் இது ஒன்றரை மைக்ரோ விநாடியில் முடியும். 220 ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம் இருந்தால் பாய்வது அரை மில்லி ஆம்பியர்தான். 60 மைக்ரோ விநாடி ஆகும். அவ்வளவு நேரமும் மாஸ்ஃபெட் பாதி திறந்து, வோல்ட்டேஜும் மின்னோட்டமும் ஒருசேரத் தாங்கி, வெந்துகொண்டிருக்கும். அதற்குள் சிறிய நாணயம், மோதிரம் போன்றவற்றின் எதிரொலி அடங்கிப் போயிருக்கும். பெரிய இரும்பின் எதிரொலி மட்டும் நீண்டு நிற்பதால் அது மட்டும் கேட்கிறது.

செய்ய வேண்டியவை: கலெக்டரிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர் 150 முதல் 330 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 2.2 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டருக்கு இணையாக 470 பிகோ ஃபாரட் செராமிக் ஒன்றை வையுங்கள். ஆழமாகத் திறந்த டிரான்சிஸ்டரின் பேஸில் தேங்கும் மின்னூட்டத்தை 555 உயரும் கணத்தில் அது உறிஞ்சி எடுக்கும். பிசி327 இருக்கும் இடத்தில் பிசி557 போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். பிசி557 தொடர்ச்சியாக 100 மில்லி ஆம்பியர் வகை, கேட்டை நிரப்பும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கப்படுகிறது. கால் வரிசை ஒன்றே.

இதையெல்லாம் ஒரேயடியாக முடிக்க வேண்டுமென்றால் பிசி327ஐயும் அதன் ரெசிஸ்டர்களையும் எடுத்துவிட்டு டிசி4429 கேட் டிரைவர் ஐசியை வையுங்கள். இது உள்ளீட்டைத் தலைகீழாக்கும் வகை. 555இன் தாழ்ந்த பல்ஸ் கேட்டில் உயர்ந்த பல்ஸாக வரும். ஐசியின் கால்களை ஒட்டியே 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் வேண்டும். டிசி4420 தலைகீழாக்காத வகை. அதைத் தவறுதலாக இங்கே பொருத்தினால் காயில் 92 சதவீத நேரம் ஆனில் நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மாஸ்ஃபெட் ஓரளவு சூடாகத்தான் செய்யும். விநாடிக்கு 500 பல்ஸில் அதில் முக்கால் வாட் முதல் ஒரு வாட் வரை கரைகிறது. தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு போதும். டிரெய்ன் அந்த உலோக முதுகோடு இணைந்திருப்பதால் தகட்டிலும் 400 வோல்ட் துடிக்கும், விரல் வைக்காதீர்கள்.

ரிலேவுக்குப் போடுவதுபோல காயிலுக்கு இணையாக 1என்4007 போட்டால் மாஸ்ஃபெட் பாதுகாப்பாக இருக்குமே?

இருக்கும். கருவி மட்டும் வேலை செய்யாது. டையோடு போட்டால் காயிலின் மின்னோட்டம் அதன் வழியாகவே சுற்றி 200 மைக்ரோ விநாடிக்கு மேல் மெல்ல அடங்கும். நமக்குத் தேவை 3 மைக்ரோ விநாடியில் அடங்குவது. யாராவது "பாதுகாப்புக்காக" சேர்த்திருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

கடையில் ஐஆர்எஃப்740 இல்லை. ஐஆர்எஃப்இசட்44என் போடலாமா?

அதன் தாங்கு வோல்ட்டேஜ் 55தான். காயிலின் மின்னோட்டம் அடங்கும் வேகம் அந்த வோல்ட்டேஜைப் பொறுத்தது. 400 வோல்ட்டில் 3 மைக்ரோ விநாடியில் முடிவது 55 வோல்ட்டில் 26 மைக்ரோ விநாடி எடுக்கும். பெரிய குழாய், இரும்புப் பெட்டி தேடினால் ஓரளவு ஓடும்; சிறு பொருளுக்கு உதவாது. ஐஆர்எஃப்840 நல்ல மாற்று: 500 வோல்ட், 0.85 ஓம். மின்னோட்டம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வாங்கிய ஐஆர்எஃப்740 அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

அதே 21 வாட் பல்பு போதும். பல்பின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை டிரெய்னில், சோர்ஸ் தரையில். கேட்டை 1 கிலோ ஓம் வழியாக 12 வோல்ட்டில் கட்டுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும்போது டிரெய்ன்-சோர்ஸ் இடையே 0.7 முதல் 1 வோல்ட் வரை காட்ட வேண்டும். 0.1க்குக் கீழே காட்டினால், குறைந்த வோல்ட்டேஜ் மாஸ்ஃபெட் ஒன்றின் மேல் எழுத்தை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே சிறிய சில்லு. சோதனையை ஐந்து விநாடிக்குள் முடியுங்கள்.

மல்டிமீட்டரில் சோதித்தால் மாஸ்ஃபெட் திறக்கவே மாட்டேன் என்கிறது. செத்துவிட்டதா?

அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். டையோடு நிலையில் பல மீட்டர்கள் 3 வோல்ட் அளவுதான் தரும். ஐஆர்எஃப்740 திறக்கத் தொடங்குவதற்கே 2 முதல் 4 வோல்ட் வேண்டும். முதலில் மாஸ்ஃபெட்டைச் சுற்றிலிருந்து கழற்றுங்கள். பலகையிலேயே வைத்து அளந்தால் காயிலும் 220 ஓமும் குழப்பும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே எந்தப் பக்கமும் ஓட்டம் கூடாது. சோர்ஸில் சிவப்பு, டிரெய்னில் கறுப்பு: 0.4 முதல் 0.6. மாற்றிப் பிடித்தால் ஓப்பன். பிறகு 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை கேட்டிலும் நெகட்டிவை சோர்ஸிலும் ஒரு கணம் தொட்டு எடுத்துவிட்டு மீண்டும் அளந்தால் இரு பக்கமும் ஓட்டம் காட்டும். கேட்டையும் சோர்ஸையும் ஒரு வயரால் தொட்டால் மறுபடி மூடிக்கொள்ளும்.

555க்குப் பதில் ஆர்டுயினோ. புரோகிராம் ஏற்றும்போதெல்லாம் மாஸ்ஃபெட் எரிகிறது.

ஆர்டுயினோ மீட்டமையும்போதும் பூட்லோடர் (புரோகிராமை ஏற்றும் உள்நிரல்) ஓடும்போதும் அதன் கால்கள் எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் மிதக்கும். பலர் ஒரே ஒரு பிசி547 வைத்து, அதன் கலெக்டரிலிருந்து 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் கொடுத்து, அந்த முனையை கேட்டில் இணைக்கிறார்கள். இந்த அமைப்பில் ஆர்டுயினோ மௌனமாக இருந்தால் கேட் 12 வோல்ட்டுக்கு ஏறிவிடும். பூட்லோடர் ஓடும் அந்த ஒன்றிரண்டு விநாடியும் காயிலில் 6 ஆம்பியர் பாயும்.

சரியான வழி இரண்டு டிரான்சிஸ்டர். ஆர்டுயினோ காலிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக பிசி547. அதன் பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். அதன் கலெக்டர் 2.2 கிலோ ஓம் வழியாக பிசி327இன் பேஸை இழுக்கட்டும். மௌனம் என்றால் காயில் அணைந்திருக்கும். 5 வோல்ட் காலை நேரடியாகப் பிஎன்பியின் பேஸில் இணைத்தால் அது ஒருபோதும் அணையாது. 12க்கும் 5க்கும் நடுவே எப்போதும் 7 வோல்ட் இருக்கிறதே. ஐஆர்எஃப்740இன் கேட்டை 5 வோல்ட்டில் நேரடியாக ஓட்டினாலும் அது முழுதாகத் திறக்காது. அதற்கு 10 வோல்ட் வேண்டும்.

பல்ஸை டிஜிட்டல்ரைட் கட்டளையால் உருவாக்காமல் டைமர்1இன் 9 அல்லது 10ஆம் காலில் எடுங்கள். பின்னணியில் ஓடும் இடையீடுகள் (இன்டரப்ட்) பல்ஸ் நேரத்தைச் சில மைக்ரோ விநாடி ஆட்டிவிடும். ரிசீவரில் அது இரைச்சலாகக் கேட்கும்.

அணைந்த பிறகு காயில் மணியடித்ததுபோல் அதிர்கிறது. டாம்பிங் ரெசிஸ்டரை எப்படித் தேர்வது?

காயிலின் இண்டக்டன்ஸை மொத்தக் கெப்பாசிட்டன்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பாதியாக்குங்கள். 300 மைக்ரோ ஹென்றி, காயில், கேபிள், மாஸ்ஃபெட் மூன்றும் சேர்ந்து 500 பிகோ ஃபாரட் என்றால் 387 ஓம். கேபிளை நீட்டினால் மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் வரை கூடும், ரெசிஸ்டர் குறையும். 270, 330, 390, 470, 560, 680 என்று நிலையான மதிப்புகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதிகமானால் அதிர்வு, குறைவானால் மந்தம். அதிர்வு மறையும் இடத்தில் இருக்கும் மிக உயர்ந்த மதிப்புதான் உங்களுக்கு.

இங்கே பலர் சறுக்குவது வாட் விஷயத்தில் அல்ல, வோல்ட்டேஜ் விஷயத்தில். இதில் கரைவது அரை வாட் அளவுதான். ஆனால் ஒவ்வொரு பல்ஸிலும் 400 வோல்ட் விழுகிறது. சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் வரைதான் தாங்கும். சில வாரங்களில் மதிப்பு ஏறி, பிறகு அறுந்துபோகும். 180 ஓம் ஒன்று, 220 ஓம் ஒன்று, ஒவ்வொன்றும் 1 வாட் மெட்டல் ஃபிலிம், தொடராக வையுங்கள். கம்பி சுற்றிய வெள்ளைச் செங்கல் ரெசிஸ்டர் வேண்டாம். அதுவே ஒரு காயில்.

பல்ஸ் எல்லாம் சரி. ஆனால் ஆப்-ஆம்ப் (ரிசீவரின் பெருக்கி ஐசி) வெளியீடு காயில் அணைந்த பிறகும் வெகுநேரம் உச்சத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

ஆப்-ஆம்ப் உள்ளீட்டில் 1 கிலோ ஓமும், எதிரெதிர் திசையில் இரண்டு டையோடுகளும் இருக்கும். அவை 1என்4148 ஆக இருக்க வேண்டும். 4 நானோ விநாடியில் மூடிக்கொள்ளும். கையில் இருந்தது என்று 1என்4007 போட்டால் அது மூட மைக்ரோ விநாடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். தேடும் சிக்னல் அதற்குள் போய்விடும். அந்த 1 கிலோ ஓமும் பல்ஸ்தோறும் 400 வோல்ட் தாங்குகிறது, 1 வாட் வகையே போடுங்கள்.

பேட்டரி புதிது. ஆனாலும் உணர்திறன் ஏறி இறங்குகிறது.

ஒரு பல்ஸ் 330 மைக்ரோ கூலோம் மின்னூட்டத்தை இழுக்கிறது. காயிலுக்கு அருகில் 100 மைக்ரோ ஃபாரட் மட்டும் இருந்தால் ஒவ்வொரு பல்ஸிலும் 3 வோல்ட்டுக்கு மேல் சரியும். 1000 மைக்ரோ ஃபாரட் என்றால் 0.33. குறைந்த உள்தடையுள்ள 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் ஒன்றைக் காயிலின் 12 வோல்ட் முனைக்கும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் நேர் குறுக்கே, 3 செ.மீ.க்குள் சால்டர் செய்யுங்கள். 555க்கும் ஆப்-ஆம்புக்கும் போகும் மின்சாரம் தனியாக 10 ஓம், 100 மைக்ரோ ஃபாரட் வழியாகப் போகட்டும். சோர்ஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் தடித்த வயரில் ஆப்-ஆம்பின் தரையைச் சேர்க்காதீர்கள். பேட்டரி முனைக்குத் தனி வயர்.

சாதாரண 9 வோல்ட் சதுர பேட்டரி இதற்கு ஆகாது. மூன்று 18650 செல் தொடராக, பாதுகாப்புப் பலகையுடன், அல்லது சிறிய 12 வோல்ட் லெட்-ஆசிட். ப்ரெட்போர்டில் காயில் பகுதியை வைத்துச் சோதிப்பதும் வீண்; 3.8 ஆம்பியர் பல்ஸ் அதன் தொடுமுனைகளைக் கருக்கிவிடும். மொத்த மின்னோட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சுற்றில் 170 முதல் 200 மில்லி ஆம்பியர். பின்னாளில் இது இரட்டிப்பானால் பல்ஸ் நீண்டுவிட்டது.

உலோகம் இல்லாமலே பஸ்ஸர் ஓயாமல் முனகுகிறது.

டிஎல்072 ஆப்-ஆம்பின் வெளியீடு ஒற்றை மின்வழங்கலில் தரை வரை இறங்காது. ஒன்றரை வோல்ட் அருகில் நின்றுவிடும். அது பஸ்ஸரை ஓட்டும் பிசி547ஐ லேசாகத் திறந்து வைக்கப் போதும். பேஸுக்கு 10 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 3.3 கிலோ ஓம் வைத்தால் பேஸில் 0.37 வோல்ட்தான் நிற்கும், அமைதியாகிவிடும். 8 ஓம் ஸ்பீக்கரை பிசி547இல் நேரடியாகத் தொங்கவிட்டால் 1 ஆம்பியருக்கு மேல் கேட்கும், டிரான்சிஸ்டர் போய்விடும். அதற்குப் பதில் பிடி139, ஸ்பீக்கருக்குத் தொடராக 100 ஓம், 1 வாட் போடுங்கள்.

ஆஸிலோஸ்கோப் கிடைத்திருக்கிறது. டிரெய்னில் வைத்துப் பார்க்கலாமா?

பத்துக்கு ஒன்று புரோபும், 600 வோல்ட் தாங்கும் என்ற குறிப்பும் இருந்தால் பார்க்கலாம். டிஎஸ்ஓ138 போன்ற மலிவான பலகைகள் 50 வோல்ட் வரைதான். டிரெய்னைத் தொட்டால் உள்ளீடு போய்விடும். அதில் கேட்டை மட்டும் பாருங்கள்: 12இலிருந்து இறங்கும்போது 5, 6 வோல்ட்டில் வரும் படி எவ்வளவு நீளம் என்று அளந்தால் அணையும் வேகம் தெரிந்துவிடும். இரண்டு மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் நல்லது. சரியான புரோபுடன் டிரெய்னைப் பார்த்தால், வெட்டிய கணத்தில் செங்குத்தாக எழுந்து, 400 முதல் 450 வோல்ட்டில் மொட்டைத் தலையாக 2 மைக்ரோ விநாடி நின்று, அதிர்வில்லாமல் 12க்கு இறங்க வேண்டும். தலை 200இல் மொட்டையானால் மாஸ்ஃபெட் போலி. மொட்டையே இல்லாமல் 150இல் உருண்டையாக எழுந்து விழுந்தால் அணைவது மெதுவாக இருக்கிறது, அல்லது காயிலில் அடுத்தடுத்த சுற்றுகளின் எனாமல் உரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஓம் அளவில் அந்த ஷார்ட் தெரியாது. வேறு காயில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே வழி.